வெறிநாயைக் கடித்த கொசு

தெருவில் ஒரு நாய்க்கு வெறி பிடித்துவிட்டது. அதன் காதோரம் உட்கார்ந்து இரத்தம் குடித்த கொசு, நேராக வீட்டுக்குள் வந்து குழந்தையைக் கடிக்கிறது. ரேபிஸ் தொற்றிவிடுமா? நியாயமான பயம்தான். ஆனால் தொற்றாது.

காரணம், அந்த வைரஸ் போகும் பாதை. நாயின் எச்சிலோடு சதைக்குள் இறங்கி, நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, நரம்பிழைக்குள்ளேயே மெல்ல ஊர்ந்து மூளைக்குப் போகிறது. நோய் வெளிப்பட வாரங்கள், பெரும்பாலும் மாதங்கள் ஆகின்றன. மூளையில் பெருகியபின் மறுபடியும் நரம்பு வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. போக, வர இரண்டுக்கும் நரம்புதான்; இரத்தத்தில் அது இருப்பதே அபூர்வம். தப்பித்தவறிக் கொசுவின் வயிற்றுக்குள் போனாலும் அங்கே பெருகாது. நாய் கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்வதும் இதனால்தான்: நரம்பில் ஏறுமுன் வைரஸைக் கடியிலேயே மடக்க வேண்டும். கழுவிய கையோடு தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும்.

சரி, இரத்தத்தில் உள்ள கிருமியையெல்லாம் கொசு பரப்புமா? அதுவும் இல்லை. கொசுவின் ஊசிமூக்கு, ஆறு நுண்ணிய ஊசிகள் சேர்ந்த கட்டு. எச்சிலை உள்ளே விட ஒரு வழி, இரத்தத்தை உறிஞ்ச வேறொரு வழி. ஒருவரிடம் குடித்த இரத்தத்தை அது அடுத்தவர் உடம்பில் ஏற்றுவதில்லை. எச்.ஐ.வி. அதன் வயிற்றில் செரித்தே போய்விடும். ஆனால் டெங்கு வைரஸ் ஏடிஸ் கொசுவின் குடல் சுவரைத் துளைத்துப் பெருகி, எச்சில் சுரப்பியை எட்டிவிடுகிறது. அதற்கு 8 முதல் 12 நாள் ஆகும். அதன்பின் அந்தக் கொசு சாகும்வரை ஆபத்தானது.

பிளேக் கிருமியின் வழி இன்னும் கொடூரம். எலித் தெள்ளின் தொண்டையில் கட்டியாகத் திரண்டு அடைத்துக்கொள்கிறது. குடிக்கும் இரத்தம் வயிற்றுக்கு இறங்காததால் தெள்ளு பசியில் தவித்து, திரும்பத் திரும்பக் கடிக்கிறது. இறங்காத இரத்தம் கிருமியோடு காயத்துக்குள்ளேயே திரும்புகிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சுதான் இதைப் பரப்புகிறது. அந்தக் குஞ்சு தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கடிக்கும். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க அதற்கு ஏது வாய்ப்பு? கிருமி தாயிடமிருந்து முட்டைக்குள் வந்துவிடுகிறது. குஞ்சு பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. அது கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாய் ஒரு பொருக்கு தோன்றலாம். வலிக்காது, அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும். காய்ச்சல் விடாமல் அடித்தால் அந்த இடங்களையெல்லாம் தேடிப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டால், டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே குணப்படுத்திவிடும்.