எண்ணெய் சிந்திய மண்ணுக்கு உரமும் உழவும்

மதுரையை அடுத்த வண்டியூர், சிலைமான் பகுதிகளில் டீசல் எஞ்சினோ பவர் டில்லரோ வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒன்று தெரியும். டீசல் சிந்திய இடத்தில் புல்கூட முளைப்பதில்லை. எண்ணெய் மண்ணைப் போர்த்திக் கொள்வதால் வேருக்கு நீரும் காற்றும் கிடைப்பதில்லை. அந்த மண்ணைக் கொளுத்துவதும் கூடாது, வாய்க்காலில் கழுவி விடுவதும் கூடாது. கழுவிவிட்டால் கண்மாய்க்கும் அடுத்தவர் வயலுக்கும் கேடு.

எண்ணெயைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இயற்கையாகவே மண்ணில் உண்டு. விதை நேர்த்தியில் பழகிய சூடோமோனாஸ் இனத்தின் உறவினர்கள் சிலவும் இதில் அடக்கம். ஆனால் எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் கரிச்சத்தே; தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லை எனலாம். மக்காத வைக்கோலை மடக்கி உழுத வயலில் பயிர் வெளுப்பது ஏனோ, அதே காரணத்தால் எண்ணெய் மண்ணிலும் நுண்ணுயிர் பட்டினி கிடக்கிறது.

1989 மார்ச்சில் அமெரிக்காவின் அலாஸ்கா கடலில் 'எக்சான் வால்டெஸ்' கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது, கரையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட உரங்களே இடப்பட்டன. அங்கிருந்த பாக்டீரியாக்கள் பெருகி எண்ணெயை விரைவாகச் சிதைத்தன. காற்றுப் புகாத கூழாங்கற்களின் அடியில் தங்கிய எண்ணெயோ பல ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருந்தது. உரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் மாநிலத்தில் 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மக்கள் வாளியால் அள்ளினர். அள்ளிய சேற்றைப் பக்குவப்படுத்த இந்தியன் ஆயில் நிறுவனம் பாக்டீரியாவைக் கொணர்ந்தது. தில்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில் ஜாப்பர்' ஐந்து வகைப் பாக்டீரியாக்களின் கூட்டு. மக்காச்சோளச் சக்கைத் தூளில் கலந்து தரப்படுகிறது. அசோஸ்பைரில்லம் பொட்டலம் போலத்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்தி மரங்களில் எண்ணெய் படிந்தபோது சிரமம் வேறு: இயந்திரம் இறங்கினால் வேர் நசுங்கும், சேற்றினுள் காற்றும் இல்லை.

வயலில் சிந்தும் சில லிட்டர் டீசலுக்குப் பொட்டலம் வாங்கத் தேவையில்லை. முதலில் சுற்றிலும் வரப்புக் கட்டி, தென்னைநார்க் கழிவையோ உமியையோ கொட்டி எண்ணெயை உறிஞ்ச விடவேண்டும். நனைந்த மண்ணை வெட்டி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டிய மேட்டில் அரை அடி கனத்துக்குப் பரப்பவேண்டும். மண்ணில் கால் பங்கு அளவு நன்கு மக்கிய தொழு உரம் கலக்கலாம். சிந்திய டீசல் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட் எனக் கணக்கிட்டு, மாதம் ஒரு தவணையாக மூன்று தவணைகளில் இடவேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் உப்பு மிகுந்து நுண்ணுயிரே மடியும்.

வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டி விடுவது முக்கியம். பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் அளவு ஈரம் இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் வேலை நின்றுவிடும். மழைக்காலமாயின் மேலே தார்ப்பாய் வேண்டும்.

பழைய எஞ்சின் ஆயிலுக்கு இம்முறை சரிவராது. அதில் தேய்ந்த உலோகங்கள் கலந்திருக்கும். பாக்டீரியா அவற்றைத் தின்னாது. அதைத் தகரத்தில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடுவதே முறை.

மூன்று, நான்கு மாதம் சென்றபின் அந்த மண்ணை ஒரு சட்டியிலும், நல்ல மண்ணை மற்றொரு சட்டியிலும் எடுத்து, இரண்டிலும் இருபது பாசிப்பயறு விதை ஊன்றிப் பார்க்கலாம். இரண்டிலும் முளைப்பு ஒத்திருந்து, டீசல் வாடையும் இல்லையெனில் மண்ணை வயலில் சேர்க்கலாம். குறைந்தால் மேலும் ஒரு மாதம் புரட்டிவர வேண்டும்.