ஹார்மோன் ஏற்பிகளைக் காட்டும் ஸ்கேன்: மார்பகப் புற்றுநோய் திரும்பும்போது ஒரு துணை

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையை நிறைவு செய்து, சில ஆண்டுகள் நலமாக வாழ்ந்த ஒருவருக்குத் தீராத முதுகுவலி தொடங்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நுரையீரலிலும் சிறு கட்டிகள் தெரிகின்றன. நோய் திரும்பிவிட்டது என்ற செய்தியைக் கேட்டதும் குடும்பத்தார் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "மறுபடியும் கீமோ கொடுக்க வேண்டுமா, டாக்டர்?"

அதற்கான விடை, நோய் எத்தனை இடங்களில் பரவியுள்ளது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அந்த இடங்களில் உள்ள புற்றுநோய்ச் செல்கள் இன்னும் ஹார்மோனைச் சார்ந்து வளர்கின்றனவா என்பதையும் பொறுத்தது. அதை அறிய உதவும் ஒரு புதிய ஸ்கேன் குறித்து இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஏற்பி என்பது யாது?

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஒரு சாவி எனக் கொண்டால், அது பொருந்தும் பூட்டே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. செல்லின் உள்ளே இருக்கும் ஒரு புரதம் இது. மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இவ்வேற்பி காணப்படுகிறது. உங்கள் பயாப்சி அறிக்கையில் 'இ.ஆர். பாசிட்டிவ்' என்று எழுதப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. டமாக்சிஃபென் மாத்திரை இந்தப் பூட்டை அடைக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை சாவிகள் உருவாவதைக் குறைக்கின்றன.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. கருப்பைகளுக்கு அருகிலுள்ள சினைப்பைகளை அகற்றியபோது முற்றிய மார்பகப் புற்றுநோய் சுருங்கியதை, கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-இல் வெளியிட்டார். அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. 1950-களின் இறுதியில், சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு ஆய்வு செய்து, இந்த ஏற்பி இருப்பதைக் கண்டறிந்தார்.

ஒரு துண்டுத் திசு சொல்வதும் சொல்லாததும்

ஏற்பியை அறிய பயாப்சியே இன்றும் அடிப்படை. நோய் திரும்பும்போது, இயன்றவரை மீண்டும் ஒரு பயாப்சி செய்யுமாறே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஏனெனில் முதலில் தோன்றிய கட்டியில் இருந்த ஏற்பி, பின்னர் பரவிய இடத்தில் இல்லாமல் போகலாம். ஆனால் ஊசி ஒரே இடத்தைத்தான் தொடுகிறது. முதுகெலும்பில் ஒரு விதமாகவும் நுரையீரலில் வேறு விதமாகவும் ஏற்பிகள் இருக்கக்கூடும். சில இடங்களை ஊசியால் எட்டுவதும் கடினம். எலும்புத் திசுவை மென்மையாக்கச் சேர்க்கப்படும் அமிலத்தால், ஏற்பிப் பரிசோதனையின் முடிவு பாதிக்கப்படுவதும் உண்டு.

இவ்விடத்தில்தான் எஃப்.இ.எஸ். பெட் ஸ்கேன் துணைக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜனைப் போன்ற மூலக்கூறில் கதிரியக்க ஃப்ளூரினைச் சேர்த்து உருவாக்கப்படும் மருந்து எஃப்.இ.எஸ். நரம்பு வழியே செலுத்தியதும் அது உடலெங்கும் சென்று, செயல்படும் ஏற்பிகளைக் கண்ட இடங்களில் பற்றிக்கொள்கிறது. அவ்விடங்கள் படத்தில் ஒளிர்கின்றன. வழக்கமான பெட் ஸ்கேன், செல்கள் சர்க்கரையை எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பதைக் காட்டுவது. இதுவோ ஏற்பி எங்கெல்லாம் உள்ளது என்பதைக் காட்டுவது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களில் உருவாக்கிய இம்மருந்துக்கு, அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2020 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது. திரும்பிய அல்லது பரவிய நோயில், பயாப்சிக்குத் துணையாகப் பயன்படுத்தவே அந்த ஒப்புதல்.

சிகிச்சையில் என்ன மாறும்?

நோயுள்ள இடங்கள் யாவும் ஒளிர்ந்து, முக்கிய உறுப்புகளுக்கு உடனடி ஆபத்தும் இல்லையெனில், ஹார்மோன் சிகிச்சையை முதலில் தொடங்கும் துணிவு எங்களுக்கு வருகிறது. கீமோவை அப்போது தள்ளிவைக்கலாம். சில இடங்கள் ஒளிராவிடில், அங்கிருந்து பயாப்சி எடுக்கலாமா, சிகிச்சையை மாற்ற வேண்டுமா என்று ஆலோசிக்கிறோம்.

ஆயினும் இதன் எல்லைகளை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். கல்லீரல் இம்மருந்தை இயல்பாகவே மிகுதியாக ஏற்பதால், அங்குள்ள கட்டிகளை இந்த ஸ்கேனால் தெளிவாகக் காண இயலாது. ஹெர்-2 போன்ற பிற ஏற்பிகளையும் இது காட்டாது. "படத்தில் ஒளிரவில்லை, இனி மாத்திரை பயன்படாது" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பயாப்சியில் ஏற்பி இருப்பது உறுதியானால், அந்த முடிவுக்கே முன்னுரிமை.

ஸ்கேனுக்கு வருமுன்

டமாக்சிஃபென் எடுத்துக்கொண்டிருந்தால் ஏறத்தாழ 8 வாரங்களும், ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி போட்டிருந்தால் 28 வாரங்களும் படம் தவறாக அமைய வாய்ப்புண்டு. அம்மருந்துகள் ஏற்பிகளை முன்பே அடைத்துவிடுவதே காரணம். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்கேனுக்காகத் தேவையான சிகிச்சையைத் தாமதப்படுத்துவது முறையன்று. கடைசியாக எந்த மருந்தை, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்ற விவரத்தைக் கொண்டுவந்தாலே போதும்.

இந்த ஸ்கேனுக்கு வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஊசி போட்டபின் ஏறத்தாழ 80 நிமிடங்கள் காத்திருந்து, பிறகு படம் எடுக்கப்படும். கதிரியக்கம் 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கருவுற்றிருந்தாலோ பாலூட்டினாலோ முன்கூட்டியே தெரிவியுங்கள். மருந்து விரைவில் வீரியம் இழப்பதால் தயாரித்த உடனே பயன்படுத்த வேண்டும். ஆகவே எல்லா ஊர்களிலும் இது கிடைப்பதில்லை.

உடன் வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பயாப்சி அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இப்போதுள்ள நோயில் ஏற்பி இருக்கிறதா? அதை எந்த இடத்துத் திசுவிலிருந்து அறிந்தீர்கள்? மற்ற இடங்களைப் பற்றி அறிய வழி உண்டா? இந்த ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படுவதன்று. ஆனால் நோய் திரும்பிய ஒவ்வொருவருக்கும் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேவை. கேட்கத் தயங்காதீர்கள், விடை சொல்வது எங்கள் கடமை.