எந்த ஸ்கேன், எதுக்கு?

நாமக்கல்லில் லாரி ஓட்டும் மாமாவுக்கு இடுப்பு வலி. "முழு உடம்பையும் ஒரு ஸ்கேன் எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமில்ல மாப்ள?"ன்னு கேட்டார். தெரியாதுங்க மாமா. ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொண்ணைத்தான் பாக்கும்.

வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் டிஸ்க், நரம்பு, அதுக்கு எம்ஆர்ஐ. விலாவிலிருந்து அடிவயிற்றுக்குப் பாய்ந்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். சாய மருந்து போடாத சிடி சின்னக் கல்லையும் பிடிச்சிடும். பித்தப்பைக் கல்லுக்கோ அல்ட்ராசவுண்டே மேல். சிடியில் சில கற்கள் தெரியவே தெரியாது.

சிடியில் கதிர்வீச்சு உண்டு. வயிற்றுக்கு எடுத்தால் சுமார் 8 மில்லிசீவர்ட்; இயற்கையிலிருந்து வருசம் முழுக்க நாம் வாங்குவதே சராசரி 2.4தான். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்டில் அது கிடையாது.

அதுக்காக முழு உடம்பு எம்ஆர்ஐ எடுக்கணுமா? அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2023-ல் சொன்னது. ஆபத்தில்லாத கட்டி ஒன்று கண்ணில் பட்டாலும் பயாப்சி, அலைச்சல், தூக்கமில்லாத ராத்திரி.

மாமாவுக்கு இடது கால் மரத்துப்போகுதாம். டாக்டர் சீட்டில் எழுதினது இடுப்பு எம்ஆர்ஐ மட்டும்.