பல்லியம் என்னுஞ் சொல்

இயமென்பது இசைக்கருவி, கருவிகள் பல கூடி ஒருங்கொலித்தலைப் பல்லியம் என்பர் முன்னோர். திருமுருகாற்றுப்படை முருகப்பெருமானைக் குழலும் கொம்பும் உடையவனாகக் கூறி, உடன் குறும்பல்லியத்தன் எனவும் போற்றுதல் காண்க. குழலையுங் கொம்பையுந் தனித்தெடுத்தோதியபின் இவ்வாறு கூறினமையின், அஃது ஒரு கருவியின் பெயரன்மை பெறப்படும். முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய புலவரொருவர் நெடும்பல்லியத்தனார் எனப் பெயர்பெற்றார். அவர்தம் புறநானூற்று 64-ஆம் பாட்டு, யாழும் ஆகுளியும் பதலையும் கட்டிக்கொண்டு புறப்பட விறலியை அழைப்பதாதல் அப்பெயர்க்கு எத்துணைப் பொருத்தம்!

இக்காலத்தார் சிலர் இப்பொருட்கு ஆமந்திரிகை என்பதனை வழங்குப. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் குழலின்வழி யாழும், யாழின்வழித் தண்ணுமையும், அதன்பின் முழவும் நிற்ப, முழவொடு கூடி இசைத்ததே ஆமந்திரிகை. உரை அதனை இடக்கை என்னும். வரிசையின் ஈற்றில் நின்ற ஒன்றன் பெயரைக் கூட்டமுழுவதற்கும் ஏற்றுதல் யாங்ஙனம் பொருந்தும்? திருக்கோயிலில் நாகசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் ஒருங்கொலிப்பதனைப் பல்லியம் என்றலே நேரிது.