பன்றி ஏன் வாலைக் கடிக்கிறது?

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்குப் பெயர்பெற்றது. வெண்பன்றிப் பண்ணைகளுக்கும் அதுவே முக்கியத் தீவனம். பூலாம்பாடி போன்ற ஊர்களில் பன்றி வளர்ப்பில் இறங்க நினைப்போர் தீவனச் செலவைக் கணக்கிடுவதோடு, அந்த விலங்கின் சுபாவத்தையும் தெரிந்துகொள்வது அவசியம்.

மூக்குக்கு வேலை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பண்ணைப் பன்றிகளைத் திறந்தவெளியில் விட்டு ஸ்டோல்பா, உட்-கஷ் என்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பகல் பொழுதில் பாதியை அவை மண்ணைக் கிளறியும் மேய்ந்துமே கழித்தன. படுக்கும் இடத்தை விட்டு விலகிப்போய்ச் சாணமிட்டன. குட்டி போடும் நேரம் வந்ததும் தாய்ப்பன்றிகள் புல்லும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டின.

வெறும் சிமென்ட் தரையில் கிளற எதுவும் கிடையாது. அந்த உந்துதல் பக்கத்துப் பன்றியின் வால் மேல் திரும்புகிறது. இடநெருக்கடி, அம்மோனியா நெடி, தீவனக் குறைபாடு ஆகியவையும் சேர்ந்தால் கடி முற்றும்; புண்ணாகும், சீழ் பிடிக்கும். வாலை நறுக்கிவிட்டால் காரணம் தீர்ந்துவிடாது.

சினைக் கூண்டு

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். தீவிர வளர்ப்புப் பண்ணைகள் பலவற்றில் தாய்ப்பன்றி இரண்டடி அகலக் கம்பிக் கூண்டில் நிற்கிறது; எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. கம்பியைக் கடிப்பதும் வெறும் வாயை மெல்லுவதும் அதன் மனஉளைச்சலின் அடையாளம். பிரிட்டன் இந்தக் கூண்டை 1999-லேயே தடை செய்தது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சினைக்காலத்தின் பெரும்பகுதிக்குக் கூட்டுக் கொட்டகை கட்டாயம். இந்தியாவின் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது.

வெயில்

வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் வசதி பன்றிக்கு அநேகமாக இல்லை. சித்திரை வெயிலில் சேறோ தண்ணீரோ கிடைக்காவிட்டால் தன் மூத்திரத்திலேயே புரளும். அதைப் பார்த்துவிட்டு அசுத்தப் பிராணி என்கிறோம்.

செய்ய வேண்டியது

கருது ஒடித்தபின் மிஞ்சும் மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, பன்றிகள் கிளறுவதற்காகத் தினமும் போடலாம். வைக்கோலும் கடலைக்கொடியும் உதவும். பூஞ்சணம் பிடித்தது ஆகவே ஆகாது. நிழலும், தண்ணீர் தெளிப்பும், படுக்க உலர்ந்த இடமும், தாய்ப்பன்றி திரும்பி நடக்க இடமும் வேண்டும். கொட்டகைக்கு வானம் தோண்டும் முன் பெரம்பலூரிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தை அணுகுங்கள். தீவன அளவோடு, ஒரு பன்றிக்கு எத்தனை சதுர அடி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.