வைஃபை ரவுட்டருக்குத் திறந்தமூல ஃபர்ம்வேர்

வீட்டு வைஃபை ரவுட்டர் ஒரு சிறு கணினி. அதை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். விற்ற நிறுவனம் சில ஆண்டுகளில் அதைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடும். பெட்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். பின்னர் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். திறந்தமூல ஃபர்ம்வேருக்கு மாற வேறெந்த வசதியையும்விட இதுவே வலுவான காரணம்.

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் லினக்ஸில் ஓடுவது 2003இல் வெளியே தெரிந்தது. லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்துக்குக் கட்டுப்பட்டு அதன் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ஃபர்ம்வேர் பிறந்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியேயும் உரிமமின்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. அடுத்த மாதமே தர்மசாலாவில், மாற்று ஃபர்ம்வேர் ஏற்றிய மலிவு ரவுட்டர்களைக் கொண்டு ஒரு சமூக வலையமைப்பு எழுந்தது.

தூத்துக்குடியில் திரேஸ்புரமானாலும் மில்லர்புரமானாலும், ஃபைபர் எடுத்த வீட்டில் பிஎஸ்என்எல்லோ உள்ளூர் கேபிள்காரரோ மாட்டிய, ஒளியிழை வந்து சேரும் ஓஎன்டி பெட்டி இருக்கும். பெரும்பாலும் வைஃபையும் அதிலேயே சேர்ந்திருக்கும். அதில் கைவைக்க வேண்டாம். ஒளியிழைப் பகுதியை இயக்கும் நிரல் மூடியது. பெட்டியும் பெரும்பாலும் இணைப்பு தருபவருடையது. அதை, இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பின்னால் சொந்த ரவுட்டரை மாட்டுவதே வழி. கடலோர வீடுகளில் அதை ஜன்னலோரம் வைக்காமல் இருப்பது நல்லது. உப்புக் காற்றில் லேன் கேபிள் முனைகளில் களிம்பு ஏறினால் எந்த ஃபர்ம்வேராலும் சரிசெய்ய முடியாது.

ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் பெயரை அடுத்து 'வி2', 'வி3' என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதுதான் இங்கே முக்கியம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டரில் வி2க்கு குவால்காம் சிப், வி3க்கு மீடியாடெக் சிப். பெயர் ஒன்று, உள்ளிருப்பது வேறு. ஒன்றின் கோப்பை மற்றதில் ஏற்றினால் பெட்டி எழுந்திருக்காமல் போகலாம். ஏற்றப்போகும் ஃபர்ம்வேரின் ஆதரவுப் பட்டியலில் அந்தப் பதிப்பு எண்ணே இருக்க வேண்டும். ஃபிளாஷ் 16 எம்பி, ராம் 128 எம்பிக்குக் குறைந்ததை வாங்காமல் இருப்பது நல்லது.

எதை ஏற்றுவது? பிராட்காம் சிப் உள்ள பழைய ரவுட்டர் கையில் இருந்தால் ஃபிரெஷ்டொமேட்டோ. அமைப்புப் பக்கம் புரியும்படி எளிமையானது. டிடி-டபிள்யூஆர்டி பல மாடல்களில் ஓடும், ஆனால் எந்த வெளியீடு நம்பகமானது என்று தேட வேண்டியிருக்கும். புதிதாக வாங்குவோருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டிதான் சரி. புதுப்பிப்புகள் ஒழுங்காக வருகின்றன. ஒருவர் பெரிய கோப்பை இணையத்தில் ஏற்றும்போது மற்றவரின் வீடியோ அழைப்பு திணறாமல் காக்கும் எஸ்க்யூஎம் வசதியும் அதில் உண்டு.

முதன்முறை ஏற்றுவதற்கு 'ஃபேக்டரி' எனப் பெயரிட்ட கோப்பு வேண்டும். 'சிஸ்அப்கிரேட்' கோப்பு அதற்குப் பிந்தைய புதுப்பிப்புகளுக்கு. ஏற்றும் நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது, ஆகவே யுபிஎஸ் அவசியம். ஏற்றியதும் வைஃபை பொதுவாக அணைந்தே இருக்கும் என்பதால் லேன் கேபிளைக் கையில் வைத்திருக்க வேண்டும். 192.168.1.1 முகவரியில் நுழைந்து கடவுச்சொல் வைத்து, வைஃபையில் நாடு இந்தியா எனத் தேர்ந்தெடுத்துவிட்டு இயக்கலாம். பிள்ளைகளுக்கு ஆன்லைன் தேர்வு நடக்கும் வாரத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.