உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகளை ஏற்றிச் செல்வது யார்?

● அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2025 ஜூலை முதல், 14 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் ‘வேமோ’ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத டாக்ஸியில் தனியாகப் போகலாம். பெற்றோரின் கணக்கோடு பிள்ளையின் கணக்கை இணைத்திருக்க வேண்டும். வண்டி எங்கே போகிறது என்பதைப் பெற்றோர் செல்போனிலேயே பார்க்கலாம்.

● இந்தியாவில் இந்தச் சேவை இன்னும் வரவில்லை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டோவும் வேனும் பஸ்ஸும்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் படிக்க வரும் பிள்ளைகள் காவிரிப் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

● 2012 ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. அவற்றின்படி பேருந்தில் ஓட்டுநரோடு உதவியாளரும் இருக்க வேண்டும்.

● 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பெற்றோரே, தொழில்நுட்பம் வரும்போது வரட்டும். உங்கள் பிள்ளை போகும் ஆட்டோவில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நாளைக் காலையிலேயே எண்ணிப் பாருங்கள்!